கிணறு இருந்த பக்கம்

அன்னமேரியின் கிணற்றில் தண்ணீர் ஊறிய அன்றைக்குத்தான் சீனியம்மாளுக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது. அதற்கு முந்தின ஒன்பது வருஷமும் மேரி அவளுக்குக் கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி.

பம்பாயில் சுனாபட்டிக்கும் குர்லாவுக்கும் நடுவே, தண்டவாளத்தை ஒட்டிக் கிடக்கும் நிலத்தில் இரண்டு பேரும் கீரை போட்டார்கள். சீனியம்மாளின் புருஷன் காசிராஜனும் மேரியின் புருஷன் தனசீலனும் ஒரே கேங்கில் தண்டவாள வேலை பார்த்தவர்கள். சும்மா கிடக்கிற நிலத்தை ரயில்வே தன் வேலையாட்களுக்குப் பயிர் வைக்கக் கொடுத்தபோது இருவரும் அடுத்தடுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆளுக்கு நாற்பது சென்ட் தேறும்.

காசிராஜன் மூத்தவர் என்பதால் முதலில் அவரைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். சீனியம்மாள் யோசிக்கவே இல்லை. சாக்கடை ஓடும் நாலாவை ஒட்டிய துண்டைக் கை காட்டினாள். கோடையிலும் வற்றாத நாலா அது. கறுப்பாக ஓடினாலும் தண்ணீர் தண்ணீர்தான். ஒரு மோட்டாரும் நீளமாக ஒரு குழாயும் இருந்தால் வருஷம் முழுக்க பாலக், மேத்தி என்று கீரை போடலாம். அடுத்த துண்டில் பாதி குப்பைமேடு. அதன் நடுவில் யாரோ எந்தக் காலத்திலோ வெட்டித் தூர்ந்துபோன கிணறு ஒன்று. அதை மேரிக்கு விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்தபோது, பாவம் சின்னப்பிள்ளை, என்று கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

அந்த இரக்கம் ஒன்பது வருஷம் நன்றாகவே ஓடியது. மேரிக்கு நாலாத் தண்ணீர் சீனியம்மாளின் குழாய் வழியாகத்தான் போயாக வேண்டும். "யக்கா, இன்னைக்கு ஒரு அரைமணி நேரம் தண்ணி விடுதியளா?" என்று அவள் வரப்பில் வந்து நிற்பாள். "வாட்டி, எடுத்துக்கோ. நான் என்ன தலையிலயா சுமக்கேன்?" என்று சீனியம்மாள் சொல்வாள். அப்படிச் சொல்ல முடிகிறதே என்பதில் ஒரு சுகம் இருந்தது. பாத்தி கட்டுவது, அறுப்பு முடிந்ததும் காய்ந்த தண்டையும் குப்பையையும் குவித்து எரிப்பது, அந்தச் சாம்பலை அப்படியே மண்ணில் கலப்பது, தபேலா என்கிற மாட்டுக்கொட்டகையிலிருந்து வரும் எருமைச் சாணியைப் பச்சையாகவே போடுவது எல்லாம் சீனியம்மாள் சொல்லிக்கொடுத்து மேரி செய்ததுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேரிக்கு முழங்காலுக்குக் கீழே சொறி வந்தது. களிம்பு தடவினால் போகும், பாத்தியில் இறங்கினால் வரும். டாக்டர், "அந்தத் தண்ணீரில் கால் வைக்காதே" என்றார். கீரைக்காரி தண்ணீரில் கால் வைக்காமல் எப்படி? அந்தக் கோடையில் தனசீலனும் மேரியும் டியூட்டி போக மிச்ச நேரமெல்லாம் அந்தத் தூர்ந்த கிணற்றைத் தோண்டினார்கள். பிளாஸ்டிக், உடைந்த கண்ணாடி, டயர், பழைய மெத்தை என்று வந்துகொண்டே இருந்தது.

"என்னட்டி, உள்ள என்ன பொதையலா இருக்கு?" என்று சீனியம்மாள் வரப்பிலிருந்து கேட்டாள்.

"பொதையல் இல்லக்கா. சொறி இல்லாம ஒரு நாள் தூங்கணும்" என்றாள் மேரி.

பதினெட்டாவது அடியில் ஈரம் தட்டியது. மறுநாள் முழங்காலளவு நின்றது. மூன்றாம் நாள் மேரி ஒரு வாளி மொண்டு வெயிலில் வைத்தாள். வாளியின் அடியில் கிடந்த மணல் தெரிந்தது. ஓடி வந்து சீனியம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். "நல்லாருக்குட்டி" என்றாள் சீனியம்மாள். சொல்லிவிட்டுத் தன் பாத்திக்குத் திரும்பி மண்வெட்டியை எடுத்தாள். ஒரு கொத்துகூடச் சரியாக விழவில்லை. முதலில் தேர்ந்தெடுத்தவள் நான். என் கையால் தூக்கிக் கொடுத்த கிணறு அது.

அன்று ஆரம்பித்தது. மேரி இனி வரப்பில் வந்து தண்ணீர் கேட்க மாட்டாள் என்பது முதல் அடி. இரண்டாவது அடியாக மேரி எரிப்பதை நிறுத்தினாள். தண்டுகளைக் குழியில் போட்டு மூடி மக்க வைத்தாள். சாணியையும் மூன்று மாதம் ஆறப்போட்டுத்தான் எடுத்தாள். "புகை எனக்கு ஆவ மாட்டேங்குதுக்கா. ரயில்ல போறவியளும் ஜன்னல மூடுதாவ" என்றாள். தான் இத்தனை வருஷமாகப் போட்ட புகைக்கு மேரி கணக்குச் சொல்வதுபோல் சீனியம்மாளுக்குப் பட்டது.

காசிராஜனிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் பணி ஓய்வு பெற்று, தாராவி வீட்டுக்கும் வயலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவருக்கு இதிலெல்லாம் சந்தேகமே கிடையாது.

"நாலாத் தண்ணியில உரம் தன்னால வருது. அவ கெணத்துத் தண்ணியில என்ன இருக்கு, வெறும் தண்ணி. சாம்பல் போட்டா பூச்சி வராது. எங்க ஐயா சாத்தான்குளத்துல சாம்பல் போட்டுத்தான் கத்திரிக்கா வெளைய வச்சாரு. செம்பூர்ப் பக்கம் சிம்னி விடுத புகையில இல்லாத வெசமா நம்ம புகையில இருக்கு? போட்டி, வேலையப் பாரு."

அவர் சொல்வது முழுவதும் சரி என்று சீனியம்மாளும் சொன்னாள். சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் தாராவியில் தொண்ணூறடி ரோட்டில் வண்டிக்காரனிடம் வாஷி மார்க்கெட்டிலிருந்து வந்த வெந்தயக் கீரை இரண்டு கட்டு வாங்கிப்போய்க் குழம்பு வைத்தாள். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். வயல் கீரை வீட்டுக்கு வருவதில்லை. ஏன் என்று காசிராஜன் ஒரு நாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அறுத்த கீரையை நாலாத் தண்ணீரில் அலசிக் கட்டுப்போடுகிற கை, அதே கீரையை அடுப்பில் ஏற்ற மறுத்தது. அவ்வளவுதான். அதற்குமேல் அதை நினைக்க அவள் விடுவதில்லை.

மேரியோ தன் கீரையைத் தானே தின்றாள். வரப்பில் உட்கார்ந்து, பாலக்கை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி உதறிவிட்டு, இரண்டு இலையைப் பச்சையாக வாயில் போட்டு மென்றாள். எட்டு வயது மகள் ஜாய்க்குத் தினமும் டிபன் டப்பாவில் கீரைச் சப்பாத்தி. அதைப் பார்க்கும்போதெல்லாம் சீனியம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். கிணற்றைக்கூட மன்னித்துவிடலாம்போல் இருந்தது. அந்த இரண்டு இலையை மன்னிக்க முடியவில்லை.

பிறகு கிட்டு மாமா வந்தார். மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டிடத்தில் குடியிருக்கும் ரிட்டயர்டு பேங்க்காரர். ரயில் ஜன்னலிலிருந்து மேரியின் கிணற்றைப் பார்த்துவிட்டு விசாரித்து வந்தவர். செவ்வாயும் சனியும் துணிப்பை நாலுடன் வந்து தன் கட்டிடத்துக்கே கீரை வாங்கிக்கொண்டு போவார்.

"கிணத்து ஜலத்துல வளர்ந்ததுன்னா ருசியே தனிதான். எங்காத்துல பாலக்கைத் தொட மாட்டா, இப்போ கேட்டு வாங்கிச் சாப்பிடறா" என்பார்.

மேரியின் வயலுக்குப் போக சீனியம்மாளின் வரப்பில்தான் நடக்க வேண்டும். போகும்போது அவளையும் பார்த்து ஒரு புன்சிரிப்பு சிரிப்பார். அவள் கீரையை ஒருநாள்கூட விலை கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை, வேண்டுமென்றே நல்ல கட்டாகப் பத்து எடுத்து வரப்பின்மேல் வரிசையாக வைத்தாள். அவர் அதன்மேல் கால் படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துத் தாண்டிப் போனார்.

சித்திரை மாதம் ஜோயா வந்தாள். செம்பூர்ப் பக்கம் ஏதோ காலேஜில் படிக்கிற பெண். தோளில் பை, கையில் அட்டையில் சொருகிய காகிதங்கள். சின்ன அளவில் பயிர் செய்கிறவர்கள், தாங்கள் வழக்கமாகச் செய்துவரும் முறைகளால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் மனுஷருக்கும் கேடு உண்டா என்பதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத வந்திருந்தாள். தமிழ் தெரியாது. சீனியம்மாளின் பம்பாய் ஹிந்தி போதுமானதாக இருந்தது.

முதலில் சீனியம்மாளின் வயலுக்குத்தான் வந்தாள். அதுவே சீனியம்மாளுக்கு மனசு குளிர்ந்தது. ஒரு சாக்கை உதறி விரித்து உட்காரச் சொன்னாள்.

"நாலாத் தண்ணி பாய்ச்சுறதுல ஆபத்து இருக்குன்னு நினைக்கிறீங்களா? ரொம்ப இருக்கு, கொஞ்சம் இருக்கு, இல்லவே இல்ல. மூணுல ஒண்ணு சொல்லுங்க" என்று ஹிந்தியில் கேட்டாள் ஜோயா.

"இல்லவே இல்ல."

"குப்பையும் தண்டும் எரிக்கிறதுல?"

"இல்லவே இல்ல."

"பச்சைச் சாணி?"

"எங்க தாத்தா காலத்துலயிருந்து போடுறது. இல்லவே இல்ல."

ஜோயா ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்தாள். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்: "உங்க வயல் கீரைய வீட்ல சமைப்பீங்கதானே?"

சீனியம்மாளின் வாய், "பின்ன? தினமும்" என்றது. காது சூடாகிவிட்டது.

அதன்பிறகு ஜோயா மேரியிடம் போனாள். அரைமணி நேரம் என்று போனவள் இரண்டு மணி நேரம் இருந்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள், மக்கும் குழியைத் திறந்து படம் எடுத்தாள். மேரி கொடுத்த இலையை வாங்கித் தின்றாள். அவர்கள் சிரிக்கிற சத்தம் இங்கே வரை கேட்டது. மறுவாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரம் ஒரு படம் பெரிதாகப் போட்டுக் கொண்டுவந்து மேரியிடம் கொடுத்தாள். மேரி அதை ஆசையாக எடுத்து வந்து சீனியம்மாளிடம் காட்டினாள். படத்தில் மேரி கிணற்றோரம் நிற்கிறாள். ஓரத்தில், மங்கலாக, குனிந்த முதுகு ஒன்று தெரிந்தது. அது சீனியம்மாளுடையது.

"நீங்களும் விழுந்திருக்கிய பாருங்க" என்றாள் மேரி, களங்கமில்லாமல்.

அந்த முதுகைச் சீனியம்மாளால் மறக்க முடியவில்லை. வீட்டில் காசிராஜனுக்குச் சோறு போடும்போதும் அதே நினைப்பு. "அவளுக்குக் கெணறு எப்படி வந்துது? நான் விட்டது. அத யாராவது கேட்டாவளா?" என்றாள். "யாரு கேக்கணும்?" என்றார் அவர்.

வைகாசி பிறந்த சமயம் ஜோயா ஒரு சேதி சொன்னாள். காலேஜ் லேபில் இலவசமாகச் சோதித்துத் தருவார்கள்; இரண்டு வயலிலிருந்தும் தண்ணீரும் கீரையும் எடுக்க வியாழக்கிழமை வருவாள். சீனியம்மாள் எடுத்துக்கொள் என்று தலையாட்டினாள். கிட்டு மாமாவும் அங்கே நின்றிருந்தார். "நல்லதாப் போச்சு. ரிசல்ட்ட எங்க பில்டிங் நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறேன். இன்னும் ரெண்டு பில்டிங் சேரும் மேரி" என்றார்.

புதன்கிழமை மத்தியானம் மேரி, ஜாயை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை வாங்கச் சயான் போயிருந்தாள். தனசீலன் டியூட்டியில். வெயில் தண்டவாளத்தின்மேல் அலையாக ஆடியது. சீனியம்மாள் தன் பாத்திக்குப் பாய்ச்ச மோட்டாரைப் போட்டாள். குழாய் வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று விழுந்தது. குழாயைப் பிடித்தபடி நின்றாள். மேரியின் பாத்தியில் ஒரு வாய்க்கால் விட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தாள். வரப்பை உடைக்கக் காலைத் தூக்கினாள். அப்புறம், தண்ணீரும் அல்லவா எடுப்பார்கள் என்று தோன்றியது.

அவள் ஓடவில்லை. பதற்றப்படவும் இல்லை. குழாயை இழுத்துக்கொண்டு நடந்தாள். கிணற்றின் விளிம்புக்கு அது சரியாக எட்டியது. உள்ளே தொங்கவிட்டாள். சத்தம் மட்டும் வேறு மாதிரி, ஆழத்திலிருந்து வந்தது. எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு லோக்கல் ரயில் போகும் நேரம் நின்றாள். மூன்றாவது வந்தபோது மோட்டாரை நிறுத்தினாள்.

அன்று சாயங்காலம் மேரி திரும்பி வந்து, "யக்கா, கெணறு கொஞ்சம் கலங்கிக் கெடக்கே" என்றாள்.

"காத்துல மண் விழுந்திருக்கும்" என்றாள் சீனியம்மாள்.

வியாழக்கிழமை ஜோயா பாட்டில்களில் பிடித்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் ஜாய்க்கு வயிற்றுப்போக்கு. நாலு நாள் பிள்ளை துவண்டு கிடந்தது. மேரி, ஸ்டேஷன் வாசலில் வாங்கித் தின்ற, சிரப் ஊற்றிய ஐஸ் கோலாவைத் திட்டினாள். கோலாக்காரனிடம் போய்ச் சண்டைகூடப் போட்டுவிட்டு வந்தாள். சீனியம்மாள் அதைக் கேட்டு, "இந்த வெயில்ல எல்லாப் பிள்ளைக்கும்தான் போகுது" என்றாள். ஆனால் அன்றிலிருந்து கிணற்றுப் பக்கம் திரும்பாமல் வேலை செய்தாள். ஜாய் தேறி வந்துவிட்டாள் என்று கேள்விப்படும்வரை அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

முதல் மழைக்கு முந்தின நாள் ரிசல்ட் வந்தது. ஜோயா காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லத் தயங்கினாள். இரண்டு வயலின் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாக்கடைக் கிருமி. மேரியின் கீரையிலும் அதே. மண்ணில் ஈயம், இரண்டு பக்கமும்.

கிட்டு மாமா காகிதத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். "நான் எத்தனை பேருக்கு வாங்கிக் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். துணிப்பைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை யாரையும் பார்த்துச் சிரிக்காமல் போனார்.

சீனியம்மாள் தன் பாத்தியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான். சந்தோஷம் இப்போது வரும், இதோ வரும் என்று நின்றாள். வந்தது ஒரு நொடிதான் இருந்தது. ஏனென்றால் மேரி அழவில்லை, சண்டை போடவில்லை. நேராக அவளிடம்தான் நடந்து வந்தாள்.

"யக்கா, நீங்க செய்ததுதான் சரி. எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான். நாந்தான் பெரிய இவளாட்டம் ஆடிட்டேன்."

"விடுட்டி."

"எப்படி விட? பிள்ளைக்கு வயித்தால போனது இதனாலதானக்கா. நான் கோலாக்காரன ஏசிட்டு வந்தேன். தினமும் டப்பாவுல வச்சு, சாப்புடு சாப்புடுன்னு நான்தான் ஊட்டிவிட்டேன். என் கையாலயே குடுத்திருக்கேன்." மேரி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கெணத்த மூடிரலாம்னு வீட்ல அவிய சொல்லுதாவ. ஞாயித்துக்கிழமை மண்ணடிச்சிருவோம். பழையபடி உங்க குழாயில தண்ணி விடுதியளா?"

ஒன்பது வருஷம் ஆசையாகக் கேட்ட வார்த்தை அது. வாட்டி எடுத்துக்கோ என்று சொல்ல வாய் திறந்தாள். கண் குழாயின்மேல் போய் நின்றது. மேரி, "பைய சொல்லுங்க" என்று திரும்பினாள்.

"மேரி, நில்லுட்டி. கெணத்த மூடாத."

"ஏன்?"

"கெணறு நல்ல கெணறுதான். நாந்தான் குழாயப் போட்டேன். அந்தப் புதங்கிழம. நீ சயானுக்குப் போயிருந்தப்ப."

மேரிக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தக் குழாய?" என்றாள். அப்புறம் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைச் சீனியம்மாள் பார்த்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"அந்தத் தண்ணியிலதான் நான் பிள்ளைக்குக் கீரை அலசுவேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏங்க்கா?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று சீனியம்மாளுக்கு இருந்தது. கிணறு, கிட்டு மாமா, படத்தில் விழுந்த முதுகு என்று எல்லாம் வாய் வரை வந்து, ஒன்றுகூடச் சொல்லத் தகுந்ததாக இல்லை. கடைசியில், "நீ ஒன் கீரைய நீயே திங்கே. நான் எங்கீரைய வீட்டுக்குக் கொண்டு போயிப் பதினோரு வருசம் ஆவுது. எனக்குத் தெரியாம இல்லட்டி. தொடக்கத்துலயிருந்தே தெரியும்" என்றாள்.

மேரி குனிந்து, சீனியம்மாளின் பாத்தியிலிருந்து ஒரு பிடி பாலக்கை வேரோடு பிடுங்கி அவள் காலடியில் போட்டாள். "தெரிஞ்சே ஊருக்கு வித்திய. தெரிஞ்சே எம்பிள்ளைக்கும் குடுத்திட்டிய" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் காசிராஜனிடமும் சொன்னாள். அவர் அடிக்கவில்லை, ஏசவில்லை. "நம்ம கீரைய நீ ஆக்குறதில்லன்னு எனக்கும் தெரியும்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு மேரியின் வயலுக்குப் போனார். நாலு நாள் தனசீலனும் அவருமாகக் கிணற்றை அடிவரை இறைத்தார்கள். சேற்றை வாரினார்கள், பிளீச்சிங் பவுடர் போட்டார்கள், மறுபடி இறைத்தார்கள். சீனியம்மாள் கூடையோடு போனபோது மேரி, "நீங்க வரண்டாம்" என்றாள். தனசீலன் தலை நிமிரவே இல்லை. நாலாத் தண்ணீர் மழையில் ஏறி வராமலிருக்கக் கிணற்றைச் சுற்றி இடுப்பளவு சுவர் எழுப்பினார்கள். அதற்கும் காசிராஜன்தான் செங்கல் எடுத்துக் கொடுத்தார்.

ஜோயாவிடம் சீனியம்மாளே போய்ச் சொன்னாள். சுனாபட்டி ஸ்டேஷனில் காத்திருந்து பிடித்தாள். முன்பு சொன்னதெல்லாம் பொய், மூன்று கேள்விக்கும் "ரொம்ப இருக்கு" என்று மாற்றிக்கொள், கிணற்றுத் தண்ணீரை மறுபடி எடு என்றாள். ஜோயாவுக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சுகிட்டே ஏன் செஞ்சீங்க? இவ்வளவு வருஷம்?" என்றாள். "வேற தண்ணி எங்க இருந்துச்சு? நான் பாக்குறப்ப அது குப்பைமேடு" என்றாள் சீனியம்மாள். சொன்னபிறகு, அதுவும் முழு உண்மை இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. மேரி தோண்டியபோது சிரித்துக்கொண்டு நின்றவள்தானே.

மழை முடிந்து எடுத்த சோதனையில் கிணற்றுத் தண்ணீர் தேறிவிட்டது. பாய்ச்சலாம், அலசலாம், காய்ச்சாமல் குடிக்கக்கூடாது என்று வந்தது. மண்ணில் ஈயம் மட்டும் அப்படியே இருந்தது. தண்டவாளத்து ஓரத்தில் அது போகாது என்றாள் ஜோயா. மேரி அதை மறைக்காமல் கிட்டு மாமாவிடம் சொன்னாள். இலைக்கீரையைக் குறைத்து வெண்டையும் சுரையும் போட்டாள். கட்டிடத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மீதிப் பேருக்காக அவர் சனிக்கிழமை மட்டும் இரண்டு பையோடு வந்தார்.

சீனியம்மாள் கீரை போடுவதை விட்டாள். எரிப்பதையும் விட்டாள். நாலாத் தண்ணீரில் சாமந்தி போட்டாள். வாயில் போடாத பொருள், மாட்டுங்கா பூக்கடைக்குப் போகும். பூ நன்றாகவே வந்தது. ஆனாலும் காலையில் வந்ததும் அவள் கண் முதலில் போவது மேரியின் சுரைப்பந்தலுக்குத்தான். எத்தனை பிஞ்சு விட்டிருக்கிறது என்று பார்க்கும். தன்னை அறியாமல் எண்ணும். எண்ணி முடித்ததும் பழைய எரிச்சல் லேசாகத் தலைகாட்டும். போகவில்லை. போகும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

தீபாவளி சமயத்தில் மேரியின் வயலுக்கு அந்தப்பக்கம் இருந்த துண்டுக்கு சைனப் என்ற குர்லாக்காரி வந்தாள். வெடிச்சிரிப்புக்காரி. வந்த வாரமே மேரியோடு ஒட்டிக்கொண்டாள். மத்தியானத்தில் இரண்டு பேரும் கிணற்றுச் சுவர் நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். மேரி ஏதோ சொல்வாள், சைனப் அவள் தொடையில் அடித்துச் சிரிப்பாள். சீனியம்மாளுக்குக் கிணற்றின் மீதிருந்த பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. கிணறு யாருக்கு வேண்டும்? அந்தச் சுவரோரம் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் சைனப்பே அவளைப் பார்த்துக் கையசைத்தாள். "வாங்க தீதி, தனியா உக்காந்து என்ன சாப்பிடுறீங்க?" என்று ஹிந்தியில் கூப்பிட்டாள்.

சீனியம்மாள் மேரியைப் பார்த்தாள். மேரி வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சுரைக்காய்க் கூட்டில் சப்பாத்தியைத் தொட்டுக்கொண்டிருந்தாள். சீனியம்மாள் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போய், மூன்று முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு மேரி பேசினாள். தமிழில், முகத்தைப் பார்க்காமல்.

"இவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். இங்க உக்காரணும்னா நீங்களே சொல்லிருங்க."

"என்ன சொல்றா மேரி?" என்று சைனப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சீனியம்மாள் கையைச் சேலையில் துடைத்தாள். ஹிந்தியில் எப்படி ஆரம்பிப்பது என்று கொஞ்சம் தேடினாள். பிறகு, "இந்தக் கிணத்துல நான் ஒரு வேலை செஞ்சேன்" என்று சொல்லத் தொடங்கினாள்.